அம்மாவும் நானும் அந்தமான் பக்கியும்

முதல் பதிவு. மேடவாக்கம், ராத்திரி பத்தரை

நாளைக்கு விடிகாலை ஃப்ளைட். பேக் பண்ணி முடிச்சாச்சு, தூக்கம் வரல, அதான் இப்பவே எழுத உக்காந்துட்டேன். அஞ்சு நாளும் படுக்குறதுக்கு முன்னாடி அன்னன்னிக்கு நடந்ததை எழுதிடணும்னு முடிவு. போன வருஷம் வால்பாறை போயிட்டு வந்து நாளைக்கு எழுதலாம் நாளைக்கு எழுதலாம்னே ஒரு வரி கூட எழுதல.

போறது போர்ட் பிளேர். 2024-லேர்ந்து அதுக்குப் பேரு ஸ்ரீ விஜயபுரம், ஆனா எங்க தெருவுல எல்லாருக்கும் இன்னும் போர்ட் பிளேர் தான். ஆபீஸ்ல ஸ்கூபாவா, ஹேவ்லாக்கான்னு கேட்டாங்க. ரெண்டும் இல்ல, ஒரு பறவையைப் பாக்கப் போறேன்னேன். என்ன பறவை? அந்தமான் பக்கி. ஒரு நிமிஷம் யாரும் பேசல, அப்புறம் ஒரே சிரிப்பு.

சிரிக்கத் தான் செய்வாங்க. சின்ன வயசுல நான் சோத்தை அவசர அவசரமா அள்ளிப் போட்டா எங்கம்மா "ஏன்டி இப்படி பக்கி மாதிரி திங்குற"ன்னு திட்டுவாங்க. முப்பது வருஷமா பக்கின்னா திட்டு வார்த்தைன்னு மட்டும் தான் நினைச்சிட்டு இருந்தேன். போன டிசம்பர்ல நன்மங்கலம் காட்டோரமா பறவை பாக்குற ஆளுங்களோட ஒரு சாயங்காலம் நடந்தப்போ கூட வந்த பெரியவர் ஒருத்தர் "அங்க ஒரு பக்கி உக்காந்திருக்கு பாருங்க"ன்னு தரையைக் காட்டினார். பத்தடி தூரம் தான் இருக்கும். எட்டு பேர் பாத்தோம், எட்டு பேருக்கும் தெரியல. சருகு, கல்லு, காஞ்ச குச்சி, அவ்ளோ தான். அவரும் பொறுமையா சொல்லிட்டே இருக்கார், அந்த சாம்பல் கல்லுக்கு இடது பக்கம், இல்லம்மா அது குச்சி, அதுக்குக் கீழன்னு. திடீர்னு ஒரு சருகு எழுந்து பறந்து போயிடுச்சு.

நான் பாத்த முதல் பக்கி அது தான். பாத்தேன்னு சொல்லிக்கலாமான்னே தெரியல, போகும் போது முதுகைத் தான் பாத்தேன்.

அன்னிக்கு ஆரம்பிச்ச கிறுக்கு. வீட்டுக்கு வந்து படிச்சா அலகு இத்துனூண்டு, ஆனா வாயைத் தொறந்தா முகமே வாய்ங்கிற அளவுக்கு அகலம், அதைத் தொறந்துக்கிட்டே பறந்து பூச்சியை அப்படியே வாரி முழுங்குமாம். அம்மா திட்டுனது எங்கேர்ந்து வந்த வார்த்தையோ, பட்சியே தேஞ்சு பக்கி ஆச்சுன்னும் சொல்றாங்க, எப்படியோ நான் சாப்பிட்ட லட்சணத்துக்கு ரொம்பப் பொருத்தம். பக்கியில பல வகை இருக்கு. ஒன்னுக்கு ஜெர்டன் பக்கின்னு பேரு, அந்தக் கால மெட்ராஸ் ராஜதானியில டாக்டரா வேலை பாத்த ஜெர்டன் 1845-ல உலகத்துக்கு சொன்ன பறவை. சரி அது நம்ம பக்கம் இருக்குறது. ஆனா இந்த அந்தமான் பக்கி மட்டும் அந்தத் தீவுக் காட்டை விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாதுன்னு படிச்சப்போ, சென்னையிலேர்ந்து ரெண்டே கால் மணி நேரம் தானேன்னு தோணிடுச்சு. தோணுனதுக்கு அப்புறம் நான் நானா இல்ல.

அம்மாவும் வர்றாங்க. பக்கிக்காக இல்ல, அங்க வெற்றிமலை முருகன் கோயில் இருக்குன்னு சித்தி சொன்னதுக்காக. கிளம்புற நாளை கூட அவங்க தான் காலண்டர் பாத்து முடிவு பண்ணாங்க, நவமி கழிஞ்சு தசமியில கிளம்பணும்னு. எனக்கும் அது வசதி தான். மாசி மகம் வரைக்கும் வளர்பிறை, சாயங்காலம் இருட்டும் போதே மேல நிலா இருக்கும். பக்கி கண்ணால பாத்து தான் பூச்சி பிடிக்கும், அதனால நிலா வெளிச்சம் இருந்தா ராத்திரி ரொம்ப நேரம் சுறுசுறுப்பா இருக்குமாம். அம்மாகிட்ட இதைச் சொன்னா "பாத்தியா, தசமின்னு சும்மாவா சொன்னேன்"ங்குறாங்க.

ரெண்டாவது பதிவு. போர்ட் பிளேர், ராத்திரி ஒன்பது

அம்மாவுக்கு முதல் ஃப்ளைட். மீனம்பாக்கத்துல செக்யூரிட்டில என்னோட பெரிய டார்ச்சை எடுத்து ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, அம்மா பின்னாடி நின்னுக்கிட்டு "ராத்திரி குருவி பாக்க சார்"னு தானா போய் விளக்கம் குடுத்தாங்க, அந்த மனுஷன் சிரிப்பை அடக்கிட்டு போங்கன்னுட்டார். புளியோதரை பொட்டலம் ஒழுங்கா போயிடுச்சு.

கடல் கடல் கடல், அப்புறம் திடீர்னு கீழ பச்சை மலை. இது நம்ம ஊரு கடலுக்குள்ள இருக்குற தீவு மாதிரியே இல்ல, பர்மாவுல இருக்குற அரக்கான் மலைத்தொடர் கடலுக்கடியில தெக்க ஓடி வந்து அங்கங்க தலையைத் தூக்குறது தான் இந்தத் தீவெல்லாம். இங்க இருக்குற பறவைங்களுக்கு சொந்தக்காரங்க பெரும்பாலும் அந்தப் பக்கம் தான், நம்ம பக்கம் கம்மி.

வண்டி ஓட்ட வந்த அண்ணன் தமிழ். அவரோட தாத்தா ராம்நாட்டுலேர்ந்து கப்பல்ல வந்தவராம், சென்னை ஹார்பர்லேர்ந்து மூணு நாள். இவரு தமிழ்நாட்டுக்கு ரெண்டே தடவை தான் வந்திருக்காராம், ஆனா பேசுற தமிழ்ல ராம்நாடு அப்படியே இருக்கு, நடுவுல நடுவுல ஒரு "அரே" மட்டும் விழுது. அம்மாவும் அவரும் அஞ்சே நிமிஷத்துல சொந்தக்காரங்க மாதிரி ஆயிட்டாங்க. இங்க ஒரு கிலோ தக்காளி என்ன விலை, காய்கறி எங்கேர்ந்து வருது, கப்பல் வரலைன்னா என்ன பண்ணுவீங்கன்னு ஒரே விசாரணை.

ரூம்ல சாமானைப் போட்டுட்டு மூணு மணிக்கே சிடியாதாபு கிளம்பினோம். ஊருக்குத் தெக்க இருபத்தஞ்சு கிலோமீட்டர். போற வழியில சிப்பிகாட்னு ஒரு இடம். 2004 டிசம்பர் 26 வரைக்கும் அது வயலாம், நெல்லு போட்டிருந்தாங்களாம். அன்னிக்கு வந்த பூகம்பத்துல இந்தப் பக்கத்துத் தரையே ஒரு மீட்டர் கிட்ட கீழ எறங்கிடுச்சு, கடல் உள்ள வந்துச்சு, வந்தது திரும்பிப் போகவே இல்ல. இப்ப தண்ணியும் செத்து நிக்கிற மரமும், மேல கொக்கு, வாத்து. பறவை பாக்குறவங்களுக்கு சொர்க்கம்னு எல்லாரும் எழுதுறாங்க. அண்ணன் கையை நீட்டி "அந்தக் கம்பம் நிக்குதுல்ல, அங்க வரைக்கும் எங்க பெரியப்பா வயல்"னார். நான் பைனாகுலரைக் கீழ இறக்கிட்டேன். அம்மா தான் பேசினாங்க, பட்டினப்பாக்கத்துல அன்னிக்கு அவங்க அக்கா வீட்டுல தண்ணி வந்த கதையை. ரெண்டு பேரும் சிடியாதாபு வர்ற வரைக்கும் அதையே பேசிட்டு வந்தாங்க.

இங்க மணி ஒரு பெரிய குழப்பம். கடிகாரம் சென்னை கடிகாரம் தான், ஆனா சூரியன் அம்பது நிமிஷம் முன்னாடியே போயிடுது. அஞ்சரைக்கெல்லாம் கடல்ல விழுந்துடுச்சு. ஆறு மணிக்கு இருட்டு. நம்ம ஊர்ல ஆறு மணின்னா மெரினாவுல இப்ப தான் சுண்டல் சூடேத்துவான்.

ரோட்டோரமா காட்டைப் பாத்து நின்னோம். பெரிய பெரிய படாக் மரம், கொடி, கீழ கருமை. முதல்ல சிள்வண்டு, அப்புறம் ஒரு குட்டி ஆந்தை, அப்புறம் இன்னொரு ஆந்தை, இந்தத் தீவுல மட்டும் இருக்குற ஆந்தையே நாலஞ்சு வகை. பக்கி மட்டும் மூச்சு விடல. முக்கால் மணி நேரம் ஆச்சு. அப்போ ஒரு கார் வந்து நின்னுச்சு. நாலு பேர், பீரங்கி சைஸ் லென்ஸ், கையில ப்ளூடூத் ஸ்பீக்கர். அதுல பக்கி கத்துற ரெக்கார்டிங்கைப் போட்டு ஃபுல் வால்யூம்ல திரும்பத் திரும்ப ஓட விட்டாங்க. வேற ஆம்பளைப் பக்கி தன் இடத்துக்குள்ள வந்துடுச்சுன்னு நினைச்சு இது சண்டைக்கு வரணும், வந்தா போட்டோ எடுக்கணும், அது தான் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டிட்டே இருந்தா நமக்கு எப்படி இருக்கும். நான் போய் வேணாமேன்னு சொன்னேன், "மேடம் நாங்க நாளைக்கு காலைல கிளம்பணும்"னு பதில் வந்துச்சு. அவங்களுக்கும் வரல. எனக்கு அல்ப சந்தோஷம், ஒத்துக்குறேன்.

திரும்பி வரும் போது கார்ல அம்மாகிட்ட, பக்கியோட லத்தீன் பேருக்கு ஆட்டுப்பால் கறக்குறதுன்னு அர்த்தம், ஐரோப்பாவுல அந்தக் காலத்துல இது ராத்திரி வந்து ஆட்டு மடியில பால் குடிக்குதுன்னு ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல நம்பிட்டு இருந்தாங்கன்னு சொன்னேன். அம்மா யோசிக்கவே இல்ல. "ஆடு இருக்குற எடத்துல ஈயும் கொசுவும் மொய்க்கும்ல, அதைத் திங்க வந்திருக்கும். வாய் வேற பெருசுங்குற. பாத்தவன் தப்பா நினைச்சிருப்பான்." அறிவாளிங்க புஸ்தகம் புஸ்தகமா எழுதி வந்து சேந்த முடிவும் இதே தான்.

மூணாவது பதிவு. அதே ரூம், ராத்திரி பத்து

காலைல முருகன். அம்மா அர்ச்சனைச் சீட்டு வாங்கும் போது என் பேருக்கு ஒன்னு, சித்தி பேருக்கு ஒன்னு, அப்புறம் "அந்தக் குருவி கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன்"னாங்க. கோயில் வாசல்ல பூக்காரம்மா கூட தமிழ். அப்புறம் செல்லுலார் ஜெயில். ஏழு வரிசைக் கட்டடத்துல மூணு தான் இப்ப நிக்குது. ஒவ்வொரு அறையும் எதிர்ல இருக்குறவன் மூஞ்சி தெரியாத மாதிரி கட்டியிருக்கான். இதைப் பத்தி நிறைய பேர் நிறைய எழுதியாச்சு, அங்க நின்னப்போ எனக்கு எழுதத் தோணல.

ஆனா ஒன்னு. இந்த அந்தமான் பக்கிக்கு 1873-ல பேர் வச்சவர் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். ஸ்கூல்ல படிச்சிருப்போம், 1885-ல காங்கிரஸ் ஆரம்பிச்சதுல முக்கியமான வெள்ளைக்காரர். அதே ஆளு தான். கைதிகளை இந்தத் தீவுக்கு நாடு கடத்திட்டு இருந்த காலத்துல இவர் பறவைத் தோல் சேத்துட்டு இருந்தார். ரெண்டையும் ஒரே தலையில எப்படி வச்சுக்கிட்டாங்களோ, எனக்குப் புரியல.

சரி சாயங்காலம். இன்னிக்கு அண்ணன் வேற வளைவுல வண்டியை நிறுத்தினார், கொஞ்சம் திறந்த வெளி, எதிர்ல காட்டு விளிம்பு. பக்கிக்கு இந்த மாதிரி ஓரம் தான் பிடிக்கும், பகல்ல காட்டுக்குள்ள சருகுல உக்காந்து தூங்கும், ராத்திரி வெளில வந்து வெட்டவெளியில வேட்டை. அம்மா கொசுவுக்கு பயந்து கார்லயே உக்காந்துட்டாங்க, கண்ணாடியை நாலு விரல் மட்டும் இறக்கி வச்சுக்கிட்டு. நான் கேமராவைத் தயார் பண்ணிட்டு, ஐஎஸ்ஓ ஏத்தி, ட்ரைபாடை சரி பண்ணி, லென்ஸ் மூடியைத் தொலைச்சு, அதைத் தேடிட்டு இருந்தேன்.

கார்லேர்ந்து அம்மா, "இந்நேரத்துல காட்டுக்குள்ள யாருடி கட்டையைத் தட்டுறா?"

எனக்கு எதுவும் கேக்கல. அண்ணன் கையைத் தூக்கி அப்படியே நின்னார். அப்புறம் கேட்டுச்சு. ட்யுக். ட்யுக். ட்யுக் ட்யுக் ட்யுக் ட்யுக். உள்ளங்கை அளவு கட்டையை இன்னொரு கட்டையால சீரா, விடாம, சலிக்காம தட்டுற மாதிரி. இனிமையான பாட்டு எல்லாம் இல்ல, யாரோ வேலை செய்யுற சத்தம். ஒரு நிமிஷம் இடது பக்கம், நிறுத்தி, அப்புறம் இன்னும் கிட்ட. எவ்ளோ தூரம்னு கண்டே பிடிக்க முடியல.

அண்ணன் டார்ச்சைக் கீழ பிடிச்சு ஒரு தடவை மட்டும் வீசினார். ஒரு பட்டுப்போன கிளையில தீக்கங்கு மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. கண்ணு. நாய்க்கும் பூனைக்கும் ராத்திரி கண்ணு மின்னுதுல்ல, அதே மாதிரி இதுக்கும் விழித்திரைக்குப் பின்னாடி கண்ணாடி மாதிரி ஒரு படலம், உள்ள வர்ற கொஞ்சம் வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பி ரெண்டு தடவை பயன்படுத்திக்கும். டார்ச்சை உடனே ஆஃப் பண்ணிட்டார், ரொம்ப நேரம் அடிச்சா அதுக்குக் கண்ணு கூசி கொஞ்ச நேரம் வேட்டையாட முடியாதுன்னு.

அந்த ரெண்டு செகண்ட்ல நான் பட்டனை அழுத்திட்டே இருந்தேன். இப்ப ரூம்ல பாத்தா பதினேழு போட்டோ. பதினாறுல கருப்பு. ஒன்னுல ஒரு சிவப்புப் புள்ளி, பைக் டெயில் லைட்னு சொன்னா நம்பிடலாம். ஆட்டோஃபோகஸ் பக்கத்துல இருந்த ஒரு இலையை அவ்ளோ துல்லியமா எடுத்திருக்கு, நரம்பு நரம்பா தெரியுது.

அம்மாகிட்ட காட்டினேன். "இலை நல்லா இருக்கு"னாங்க.

நாலாவது பதிவு. ராத்திரி ஒன்பதரை

காலைல சாத்தம் போய், அங்கேர்ந்து படகுல பாம்பூஃப்ளாட், அப்புறம் மவுண்ட் மணிப்பூர். 2021 வரைக்கும் மவுண்ட் ஹாரியட். பழைய சிவப்பு 20 ரூபா நோட்டுக்குப் பின்னாடி தென்னை மரமும் கடலும் இருக்குமே, அது இங்கேர்ந்து பாக்குற காட்சி தான். அம்மா பர்ஸைக் குடைஞ்சு ஒரு நோட்டை எடுத்து, தூக்கிப் பிடிச்சு, ஒத்துப் பாத்து, "ஒரு மரம் இல்லையே"னாங்க. அந்தமான் மரங்கொத்தி, அந்தமான் கரிச்சான், வாலை ஆட்டிட்டு ஒரு வால்காக்கா, வெள்ளைத் தலை மைனாங்க கூட்டமா. எல்லாத்துக்கும் போட்டோ இருக்கு, பளிச்சுனு. வேற சமயமா இருந்தா ஒவ்வொன்னுக்கும் ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

சாயங்காலம் மறுபடியும் அதே வளைவு. இன்னிக்கு கேமராவை ரூம்லயே வச்சுட்டுப் போனேன். பெரிய ஞானம் எல்லாம் வரல, பேட்டரி சார்ஜ் போட மறந்துட்டேன்.

அம்மா இன்னிக்கு கார்லேர்ந்து எறங்கிட்டாங்க. புடவைத் தலைப்பைக் காதோட சேத்துச் சுத்திக்கிட்டு ஒரு மைல்கல் மேல உக்காந்துட்டாங்க. துவாதசி நிலா நல்லா மேல இருந்துச்சு. ஆறு பத்துக்கு ட்யுக் ட்யுக் ஆரம்பிச்சுது. கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுச்சு, காட்டு விளிம்புலேர்ந்து ஒரு நிழல் வந்துச்சு. நீளமான இறக்கை, நீளமான வால், ஆனா சத்தமே இல்ல, ஒரு காகிதம் காத்துல வர்ற மாதிரி. இறகு அவ்ளோ மெத்துனு இருக்கும். திறந்த வெளியில ஒரு சுத்து, திடீர்னு மேல ஒரு எவ்வு, கீழ ஒரு சறுக்கு, திரும்ப வந்து அதே கிளை. உக்காரும் போது கூட மத்த குருவி மாதிரி குறுக்க உக்காராது, கிளையோட நீளத்துக்கு ஒட்டிப் படுத்துக்கும், அப்ப அது கிளையில ஒரு முண்டு, அவ்ளோ தான். மறுபடி எழுந்து ஒரு அந்துப்பூச்சியைப் பிடிச்சப்போ இறக்கையில வெள்ளைப் பொட்டு மின்னுச்சு. இருபது நிமிஷம் இப்படியே. அம்மா ஒரு வார்த்தை பேசல. எங்கம்மா இருபது நிமிஷம் பேசாம இருந்து நான் பாத்ததில்ல, ஸ்கேன் எடுக்குற ரூம்ல கூட பேசுவாங்க.

நேத்து சொல்ல விட்டுப்போனது ஒன்னு இருக்கு. இந்தப் பறவையை ரொம்ப காலம் தென்கிழக்கு ஆசியாவுல இருக்குற பெருவால் பக்கியோட ஒரு கிளைன்னு தான் பலர் வச்சிருந்தாங்க. பாத்தா அப்படித் தான் தோணும், இது கொஞ்சம் சின்னது, கொஞ்சம் கருப்பு, மத்தபடி அதே சருகு டிசைன். தோலைப் பெட்டியில வரிசையா அடுக்கி வச்சுப் பாத்தா வித்தியாசம் சொல்ல கஷ்டம், ஏன்னா அந்த உடுப்பே யாரும் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாதுங்குறதுக்காக வந்தது. ஆனா ராத்திரியில ஒரு பக்கிக்கு இன்னொரு பக்கியை எப்படித் தெரியும்? குரல் தான். அதனால குரலைப் பதிவு பண்ணி ஒப்பிட்டுப் பாத்தாங்க. பெருவால் பக்கி ஒரு தாளம், இது வேற தாளம். தனி இனம்னு சொல்றதுக்கு அது பெரிய ஆதாரமா ஆச்சு. இதே மாதிரி காதால கேட்டு 2004-ல இந்தோனேசியாவுல ஃப்ளோரஸ், சும்பான்னு ரெண்டு தீவுல இருக்குற பக்கியையும் புது இனம்னு பேர் வச்சாங்க. அதுவரைக்கும் அதுவும் அந்தப் பெரிய கும்பல்ல தான் கிடந்துச்சு.

நான் மூணு மாசமா கேமராவுக்கும் லென்ஸுக்கும் இஎம்ஐ கட்டிட்டு இருக்கேன். எங்கம்மா கண்ணாடியை நாலு விரல் இறக்கி வச்சுக்கிட்டுக் கண்டுபிடிச்சுட்டாங்க.

அப்புறம் ரூமுக்கு வந்து, நடுவிரல் நகத்துல சீப்பு மாதிரி பல்லு இருக்கும் அதுக்கு, முகத்தையும் இறகையும் வாரிக்க, வாயைச் சுத்தி மீசை வேற இருக்கும், கூடு கட்டாது, தரையில சருகு மேலயே முட்டை போட்டுடும்னு எல்லாம் அம்மாகிட்ட அடுக்கினேன். மீசைக்கும் சீப்புக்கும் சிரிச்சாங்க. கடைசி விஷயத்துக்கு மட்டும், "தெரியும்டி. எங்க ஊர்ல கல்லக்கா கொல்லையில பாத்திருக்கேன். ரெண்டு முட்டை, மண்ணு கலர்ல. எங்கப்பா மாட்டைத் தள்ளி ஓட்டுவார்"னாங்க.

மதுராந்தகம் பக்கம் தான் அம்மா ஊரு. "ஏம்மா இதை மூணு மாசமா சொல்லல?"

"நீ பக்கின்னு சொன்னியே தவிர எப்படி இருக்கும்னு எங்க சொன்ன. அது வேற இதுன்னு நினைச்சேன்."

சொல்லியிருக்கேன். நூறு தடவை சொல்லியிருக்கேன். போகட்டும்.

அஞ்சாவது பதிவு. மேடவாக்கம், ராத்திரி பன்னெண்டே கால்

மத்தியானம் வந்து சேந்தோம். ஏர்போர்ட்லேர்ந்து வீடு வர்றதுக்கு ஆன நேரத்துல பாதி வங்கக்கடலைத் தாண்டியிருக்கலாம், பள்ளிக்கரணை பக்கம் மெட்ரோ வேலை, ஒரு வண்டி நகரல. அம்மா வந்ததும் வராததுமா சித்திக்கு போன் போட்டு முருகன், ஜெயில், தக்காளி விலை எல்லாம் ஒப்பிச்சுட்டு கடைசியா "ஒரு குருவி பாத்தோம், கட்டை தட்டுற மாதிரி கத்துது"னாங்க. அப்புறம் அந்தப் பக்கம் சித்தி என்னவோ கேட்டாங்க போல. அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சு, "இல்ல இல்ல, அது கோலிக்குண்டு சத்தம்ல, இது வேற"ன்னாங்க.

போனை வச்சதும் பிடிச்சுக்கிட்டேன். என்ன கோலிக்குண்டு?

1998-ல நாங்க இந்த வீட்டுக்கு வந்தப்போ பின்னாடி வெறும் பொட்டல், கருவேலம், ஏரி வரைக்கும் ஒரு வீடு கிடையாது. மாசி, பங்குனி ராத்திரியில யாரோ மொசைக் தரையில கோலிக்குண்டைப் போட்ட மாதிரி சத்தம் வருமாம். டுக், டுக், டுக், அப்புறம் வேகமா உருண்டு டுக்டுக்டுர்ர்ர்னு அடங்கிடும். அப்பா எழுந்து உக்காந்து "மேல் வீட்டுப் பையன் இந்நேரத்துல கோலி ஆடுறான் பாரு"ம்பாராம். எங்க வீட்டுக்கு மேல் வீடே இல்ல, வெறும் மொட்டை மாடி. இருந்தும் அப்பா டார்ச்சை எடுத்துட்டுப் போய் மாடியை ஒரு சுத்து பாத்துட்டு வருவாராம். அது தினம் நடக்குமாம். எனக்கு அப்ப எட்டு வயசு, தூங்கியிருப்பேன் போல, ஒன்னும் ஞாபகம் இல்ல.

பந்தையோ குண்டையோ கெட்டித் தரையில விட்ட மாதிரின்னு தான் நம்ம ஊரு இந்தியப் பக்கியோட குரலை எல்லாரும் எழுதுறாங்க. நான் அதைப் படிச்சிருக்கேன். அடிக்கோடு கூட போட்டிருக்கேன்.

பொட்டல் எல்லாம் இப்ப ஃப்ளாட். எங்க பின்பக்கம் மூணு மாடிக் கட்டடம், அதுல நிஜமாவே மேல் வீட்டுப் பையன் இருக்கான், அவன் ராத்திரியில செல்போன்ல கேம் தான் ஆடுறான். பத்தரைக்கு "வாடி போய்ப் பாத்துட்டு வரலாம்"னு செருப்பை மாட்டிக்கிட்டு நின்னது அம்மா. நாலு நாள் அலைஞ்ச அலுப்பு எனக்கு, அவங்களுக்கு அறுபத்து மூணு. ஸ்கூட்டியில பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு நன்மங்கலம் காட்டோரம் ரோட்டுலயே நிறுத்தினேன், வேலிக்கு இந்தப் பக்கம், தெரு விளக்கு கொஞ்சம் தள்ளி. உள்ள போக அந்நேரத்துல அனுமதி இல்ல, போகவும் தேவையில்ல.

லாரி. ஷேர் ஆட்டோ. தூரத்துல கோயில் ஸ்பீக்கர். ரெண்டு நாய் எங்களைப் பாத்து குரைச்சுட்டு அதுவும் சலிச்சுப் படுத்துடுச்சு. நிலா சிடியாதாபுல பாத்ததை விடக் கொஞ்சம் பெருசா, ஆனா மங்கலா, தூசிக்குள்ள. பத்து நிமிஷம், பதினஞ்சு நிமிஷம். ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருத்தர் வண்டியை ஸ்லோ பண்ணி "என்னம்மா இங்க"ன்னார். அம்மா பதில் சொல்ல வாயைத் தொறந்தாங்க, தொறந்தவங்க அப்படியே கையைத் தூக்கி அவரை நிறுத்திட்டாங்க. அந்தமான் அண்ணன் தூக்குன மாதிரியே.

டுக். டுக். டுக். டுக்டுர்ர்ர்.

போலீஸ்காரர் இஞ்சினை ஆஃப் பண்ணிட்டார். "இதுவா? இது டெய்லி கேக்குமே"ன்னார்.

போன்ல ரெக்கார்ட் பண்ணினேன், முப்பத்தோரு செகண்ட். இப்ப ஹெட்போன்ல நாலாவது தடவையா கேக்குறேன். முதல்ல ஒரு பஸ் ஹார்ன். அப்புறம் வயர்லெஸ்ல யாரோ நம்பர் சொல்றாங்க. அப்புறம் அம்மா "ஷ்ஷ்"ங்குறாங்க. பதினெட்டாவது செகண்ட்ல மூணு தட்டு, அது உருண்டு அடங்குறது, அதுக்கு மேலயே அம்மா மெதுவா "வந்துட்டான் பாரு கோலிப் பையன்"னு சொல்றாங்க. அம்மா குரல் இல்லாம வெட்டி எடுக்க முடியுமான்னு பாத்தேன், முடியாது, ரெண்டும் ஒன்னு மேல ஒன்னு இருக்கு. அப்படியே சித்திக்கு அனுப்பிட்டேன். ரெண்டு ப்ளூ டிக் வந்துடுச்சு. டைப்பிங்னு காட்டுது.